லைசென்ஸில் அடங்காத துப்பாக்கி

ராயபுரம்,
21.3.2024

அன்புள்ள தம்பி ரெஜிக்கு,

மைனி சுகிர்தம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளை அபினும் நலம். அங்கே நீயும் ஷிஜியும் கீர்த்தியும் சுகந்தானா? ஷிஜியின் கை எப்படி இருக்கிறது? ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் போன விரல்கள் இரண்டும் இன்னும் இருப்பது போலவே குத்துகின்றன என்று உன் அண்ணன் அடக்கத்துக்கு வந்தபோது சொன்னாள்.

இரண்டு நாளாக உனக்குப் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கைக்கு வந்து சேர வேண்டும் என்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு அருள்பிரகாசம் கடைக்கு வந்தார். "அய்யா எங்கம்மா? எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்க. துப்பாக்கிய கொண்டாந்து ஸ்டேஷன்ல வைக்கச் சொல்லு" என்றார். நான் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப லைசென்சும் அவரோட போச்சும்மா. அது உன் கைல ஒரு நாள்கூட இருக்கக் கூடாது" என்றார்.

2009-இல் நம் கயிற்றுக் கடையை உடைக்க வந்தவன் அண்ணனின் தோளில் வெட்டிய பிறகு வாங்கிய பிஸ்டல் அது. பதினைந்து வருஷமாக வீட்டில் இருந்தும் நான் அதைத் தொட்டதில்லை. அன்று பீரோவைத் திறந்தேன். வேட்டியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, வலை பின்னுகிற நூலால் ஏழெட்டு முடிச்சுப் போட்டிருந்தார். முன்பெல்லாம் உறையோடு அப்படியே வைப்பார். முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் அபின் கத்தியால் அறுத்தான்.

மறுநாளே ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம். தேர்தல் முடிந்ததும் துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும். புத்தகத்தில் இருபத்தைந்து தோட்டா என்று இருக்கிறது. பெட்டியில் பதினேழுதான். "மீதி எட்டு இன்னா ஆச்சு?" என்று ஏட்டு கேட்டார். தெரியாது என்றேன். அண்ணன் ஊரில் எப்போதாவது சுட்டுப் பார்த்தாரா?

உன் மைனி,
சுகிர்தம்

*

மார்த்தாண்டம்,
2.4.2024

மரியாதைக்குரிய மைனிக்கு,

ரெஜி எழுதியது. இங்கே எல்லோரும் சுகம். வெயிலில் ரப்பர் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டோம். கீர்த்திக்கு முழுப்பரீட்சை நடக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அபினிடம் நான் கேட்டதாகச் சொல்லவும்.

போனை எடுக்காததற்குக் கோபிக்க வேண்டாம். இந்த விஷயமெல்லாம் போனில் பேசுவது நல்லதல்ல. இப்போது எல்லாமே பதிவாகிறது.

ஸ்டேஷனில் கொடுக்கும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பரவாயில்லை. ஆனால் கடைக்கு விற்பது வேண்டாம். அண்ணன் கையில் இருந்த பொருள், குடும்பத்தில் இருக்கட்டும். நான் இங்கே லைசென்ஸுக்கு மனுப் போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். துப்பாக்கிக் கடைக்காரர்களை உங்களுக்குத் தெரியாது மைனி. பார்க்கிறேன் என்று பிரித்துப் போட்டு, நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு, மட்டமானதை வைத்து மூடிவிடுவார்கள். எந்தக் கடைக்காரன் கையிலும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தோட்டா விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணன் பழகிப் பார்க்கச் சுட்டிருப்பார்.

இதைப் படித்ததும் கிழித்துவிடவும்.

தங்கள் அன்புத் தம்பி,
ரெஜி

*

ராயபுரம்,
11.4.2024

அன்புள்ள ரெஜிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். பதினைந்தாம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் போட்டுகளையெல்லாம் பழுது பார்க்கக் கரையேற்றத் தொடங்கிவிட்டார்கள். கயிறும் கப்பியும் கேட்டு ஆள் வந்தபடியே இருப்பதால் உட்கார நேரமில்லை.

ஷிஜியின் கையைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

கிழித்துவிடச் சொன்னாய். அதில் கிழிக்கும்படி என்ன இருக்கிறது என்று இரண்டாம் முறை படித்தேன். ஒன்றும் இல்லை. அதனால் கிழிக்கவில்லை.

எனக்கு ஒரு நினைவு. 2021 ஆகஸ்டில் வீட்டுக் கூரை வேலைக்காக அண்ணன் அங்கே வந்தார். இங்கே பூட்டிப் போட்டுவிட்டு வர மனமில்லாமல் பிஸ்டலையும் பையில் எடுத்து வந்தார். அங்கே காய்ச்சல் கண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கிடந்தார். என்னை வரவிடவில்லை. திரும்பி வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். அதற்கப்புறம் சாகும்வரை உன் வீட்டுப் படி ஏறவில்லை. கேட்டால், "அவன் வூட்டுத் தண்ணி எனக்கு வேணாம்" என்று மட்டும் சொல்வார். இருபத்தெட்டு வருஷம் ராயபுரத்தில் இருந்து அவர் பேச்சு அப்படி மாறிவிட்டது. உங்களுக்குள் என்ன நடந்தது?

சுகிர்தம்

*

மார்த்தாண்டம்,
9.5.2024

மைனிக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நலம். கீர்த்தி ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள்.

அண்ணனுக்கும் எனக்கும் இருந்தது கிணற்றடி நாற்பது சென்ட் பங்கு விஷயம்தான். வேறு ஒன்றுமில்லை. இறந்தவரைப் பற்றி இனிப் பேசி என்ன?

ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் ஜூன் முதல் வாரம் நானே சென்னை வந்து பிஸ்டல் விஷயத்தைப் பார்த்து முடிக்கிறேன். அதுவரை நீங்கள் யாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

ரெஜி

*

ராயபுரம்,
20.6.2024

அன்புள்ள ரெஜிக்கு,

நீ சொன்ன முதல் வாரம் போய் மூன்றாவது வாரமும் வந்துவிட்டது. உன் லைசென்ஸ் மனு என்ன ஆனது என்றும் தெரியவில்லை. "எடுக்கறியா விக்கறியா, ஒரு முடிவு சொல்லும்மா" என்று ஏட்டு கேட்டு அனுப்பினார். அதனால் செவ்வாய்க்கிழமை நானே துப்பாக்கிக் கடை துரையைக் கூட்டிப் போனேன்.

துரைக்கு எழுபது வயதிருக்கும். பிராட்வே பக்கம் சின்னக் கடை. லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, பிஸ்டலின் எண்ணைச் சரிபார்த்து, ரைட்டர் மேஜை மேலேயே ஒரு துணியை விரித்துப் பிரித்தார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பழையபடி பூட்டி ரைட்டரிடம் கொடுத்து, "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். வெளியே டீக்கடை வரைக்கும் என்னோடு வந்தார். அங்கே நின்று அவர் சொன்னதைக் கேட்டபின் டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

அவர் வாங்க மாட்டார். ஏன் என்பதை இதில் எழுத எனக்கு விருப்பமில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

ஷிஜியைக் கேட்டதாகச் சொல்.

சுகிர்தம்

*

மார்த்தாண்டம்,
25.6.2024
விரைவுத் தபால்

மைனிக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை பத்தரை மணிக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

பயப்பட வேண்டாம். அந்த ஆள் பெரிதாகச் சொல்லி உங்களை மிரட்டியிருப்பான். உள்ளே இருக்கிற அந்தச் சின்னத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டால் பழைய பிஸ்டல்தான். பத்து நிமிஷ வேலை. பார்க்கிற சாக்கில் அவனே இன்னொரு தடவை போய் எடுத்துவிடலாம். கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அப்படியே ஸ்டேஷனில் கிடக்கட்டும். யாரும் கேட்காவிட்டால் சில வருஷத்தில் அரசாங்கமே எடுத்து உருக்கிவிடும். ஒரு போலீஸ்காரனும் அதைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

அபினிடம் சொல்ல வேண்டாம். இதையாவது கிழித்துவிடவும்.

ரெஜி

*

ராயபுரம்,
4.7.2024

ரெஜிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். நான் எழுதியதற்குப் பிரதி வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துரை வாங்க மாட்டார் என்றுதான் எழுதியிருக்கிறேன். துண்டு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

துரை சொன்னதை இப்போது எழுதுகிறேன். "ஒரு தபா அமுத்துனா ஒரு குண்டு. அதுக்குத்தாம்மா லைசென்சு. இதுல எவனோ உள்ள ஒரு துண்டப் போட்டு, அரத்தால ராவி மாத்திக்கிறான். அமுத்திப் புடிச்சா கைய எடுக்கற வரிக்கும் நிக்காது. இந்த மாதிரி மாத்துன சாமான் ஜனங்க கைல இருக்கவே கூடாது. கமிஷ்னரே நெனச்சாலும் லைசென்சு குடுக்க முடியாது. உங்கிட்ட கீற புக்கு இதுக்குச் செல்லாது. மாத்துனவனுக்கும் ஜெயிலு, வச்சிருந்தவனுக்கும் ஜெயிலு. கொறஞ்சது ஏழு வருசம்."

உன் அண்ணனுக்குத் தெரியாமல் அது நடந்திருக்குமா என்று கேட்டேன். "அது எனக்கு இன்னாம்மா தெரியும்? முப்பது வருசமா இதான் தொழிலு, சாமானப் பாத்தா சாமானத்தான் தெரியும், ஆளத் தெரியாது. ஆனா ஸ்டேஷன்ல குடுத்த ரசீதுல உன் கையெழுத்து கீது. அத மறந்துடாத" என்றார். அவர் துண்டை எடுக்க மாட்டார். எடுத்தால் அவரும் உள்ளே போவார். நானாகவே போய் எழுதிக் கொடுப்பதுதான் நல்லது என்றார்.

ஒன்று, நீ செய்தாய். இல்லாவிட்டால் உன் அண்ணன் செய்து உன்னிடம் சொன்னார். ராத்தூக்கம் இல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள், எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

எது என்று எழுது.

சுகிர்தம்

*

மார்த்தாண்டம்,
5.8.2024

மைனிக்கு,

நலம், நலமறிய அவா. தோட்டத்தில் வேலை அதிகம். உங்கள் கடிதம் என் கைக்குத் தாமதமாகவே கிடைத்தது.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அண்ணன்தான் செய்தார். தோளில் வெட்டுப்பட்டதிலிருந்து அவருக்குப் பயம். இங்கே வந்தபோது யாரையோ பிடித்து மாற்றிக்கொண்டார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. அந்தச் சண்டையில்தான் பேச்சு நின்றது.

நீங்கள் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இதையே எழுதிக் கொடுங்கள். இறந்தவரை எந்தச் சட்டம் என்ன செய்யும்? உயிரோடு இருப்பவர்கள் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அபினுக்கு எண்ணூர் துறைமுகத்தில் வேலைக்கான நுழைவு பாஸ் போலீஸ் சரிபார்ப்பில் நிற்பதாக அவனே சொன்னான். வீட்டுப் பெயரில் ஒரு கேஸ் இருந்தால் அது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெஜி

*

மார்த்தாண்டம்,
14.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷிஜி எழுதுகிறேன். நீங்களும் அபினும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பதில் எழுதினால் வீட்டுக்கு எழுத வேண்டாம். கீர்த்தியின் பள்ளியில் இருக்கும் கார்குழலி டீச்சர் விலாசத்தைக் கீழே தருகிறேன்.

ஜூலையில் நீங்கள் அனுப்பிய ரிஜிஸ்டர் கடிதம் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். பிரித்துப் படித்துவிட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மூன்று நாள் கழித்துக் கொடுத்தேன். அப்புறம் அவர் உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. ஆனால் எழுதி முடித்த அன்று, "இனி மைனி வாயத் திறக்க மாட்டா" என்று சிரித்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இருபத்தொரு நாளில் அவருடைய பை எங்கள் வீட்டில் இருந்தது. அப்போது பக்கத்துத் தோட்டக்காரரோடு வேலித் தகராறு. இவர் லேத் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதன் ஒருவனைக் கூட்டி வந்தார். நான்கு நாள் பின்புறத்து ஷெட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்டால் சொல்லுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மரத்தில் ஒரு தகரத்தை ஆணி அடித்து வைத்திருந்தார். வலப்பக்கமாக நின்று போனில் வீடியோ எடுக்கச் சொன்னார். நான் ஒரு சத்தம் வரும், அப்புறம் இன்னொன்று வரும் என்று நினைத்து நின்றேன். அப்படி வரவில்லை அக்கா. முரட்டுத் துணியை ஒரே இழுப்பாகக் கிழித்தது போலிருந்தது. துப்பாக்கி அவர் பிடிக்கு நிற்காமல் மேலே ஏறி என் பக்கமாகத் திரும்பியது. அவர் விரலை எடுக்கும்முன் எல்லாம் தீர்ந்துவிட்டது. போன் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல் இல்லை. வலி உடனே தெரியவில்லை. அவர் ஓடி வந்தார். முதலில் போனை எடுத்தார்.

நர்சிங் ஹோமில் டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஷீட் அடிக்கிற மெஷின் என்று நான்தான் சொன்னேன். அவர் என் பின்னால் நின்றிருந்தார்.

அண்ணன் சுகமாகி வந்து பையைத் திறந்ததும் தோட்டாவை எண்ணினார். அப்புறம் என் கையைப் பார்த்தார். அடுக்களைக்கு வந்து, "மக்களே, உண்மையச் சொல்லு" என்றார். சொன்னேன். "போலீசுக்குப் போனா அவன் உள்ள போவான். நீயும் பிள்ளையும் எங்க போவிய?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே பையோடு கிளம்பினார். "இனி இது வெளிய வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைக் காப்பாற்றத்தான் மறைத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யாரைக் காப்பாற்றினார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டாம். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஷிஜி

*

ராயபுரம்,
22.8.2024

ரெஜிக்கு,

செப்டம்பர் 2, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அந்தப் பிஸ்டல் மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நீ எழுதிய நான்கு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அன்று நீயே வந்து உண்மையைச் சொன்னால் அவற்றை வெளியே எடுக்க மாட்டேன். தானாக வந்து சொன்னவன் என்றாவது இருக்கட்டும். வராவிட்டால் கொடுத்துவிடுவேன்.

அபினிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பாஸ் கிடைக்காவிட்டால் இப்போது வேலை பார்க்கும் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டிலேயே இருக்கிறேன் என்கிறான்.

சுகிர்தம்

*

ராயபுரம்,
3.9.2024

அன்புள்ள ஷிஜிக்கு,

கார்குழலி டீச்சர் கையில் இது பத்திரமாகச் சேர வேண்டும். நீயும் கீர்த்தியும் சுகமாக இருக்கிறீர்களா? கையைப் பற்றி இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் எவ்வளவு அர்த்தமில்லாதது என்று நினைத்தால் கூசுகிறது. உன் கடிதத்தைப் பற்றி அவனுக்கு நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நானும் அபினும் பத்து மணிக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். ரெஜி ஏற்கெனவே உள்ளே இருந்தான். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், ஜானட் என்று பெயர். அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மைனி" என்றான். அவனைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வந்துவிட்டானே என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் டைப் அடித்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க கொழுந்தனார் ஒம்பது மணிக்கே வந்து மனு குடுத்திருக்காரு. படிச்சிப் பாருங்க."

என் மறைந்த அண்ணன் தேவப்பிரியம் சட்டவிரோதமாகத் துப்பாக்கியை மாற்றி வைத்திருந்தார் என்று இருந்தது. அதுவரைக்கும் நான் எதிர்பார்க்காதது இல்லை. அதற்கு அடுத்த வரியில், இது அவர் மனைவி சுகிர்தத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று எழுதியிருந்தான்.

அபின் எழுந்து, "சித்தப்பா, இன்னா எழுதி வச்சிக்கிற நீ?" என்று கேட்டுக்கொண்டே அவனிடம் போனான். ஏட்டு அருள்பிரகாசம் நடுவில் வந்து, "தம்பி, நீ குந்து. அம்மா பேசட்டும்" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இது உண்மையா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

கைப்பையிலிருந்து கடிதங்களை எடுத்துத் தேதி வரிசையில் மேஜை மேல் வைத்தேன். என் கடிதங்களின் பிரதிகளையும் ரிஜிஸ்டர் ரசீதுகளையும் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். ஜூன் மாதக் கடிதத்துக்கு வந்ததும் நிறுத்தி, என் கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அவனுடையதைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"அம்மா எதும் சொல்லாமலே உள்ள ஒரு துண்டு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"2021-ல. வீட்டுக்கு வந்திருந்தப்ப."

"எல்லாம் தெரிஞ்சவரு, ஏப்ரல்ல அதை எனக்குத் தாங்க, லைசென்ஸ் மாத்திக்கறேன்னு எதுக்கு எழுதினீங்க?"

அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "எனக்க கடிதத்தையெல்லாம் கிழிக்கச் சொன்னேனே மைனி" என்றான். அவ்வளவு பேர் இருக்கும்போது அதைத்தான் சொன்னான்.

அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். பிஸ்டலை முத்திரை வைத்து ஆய்வுக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். என்னிடம் நான்கு மணி நேரம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். உன் பெயரை நான் எடுக்கவில்லை. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம். நீ பேசினால் என் வீட்டில் உனக்கும் பிள்ளைக்கும் இடம் உண்டு. பேசாவிட்டாலும் உண்டு.

உன் அக்கா,
சுகிர்தம்

*

ராயபுரம்,
11.11.2024

ரெஜிக்கு,

புழல் சிறையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நான் சுகம். மழையில் கடைக்குள் கணுக்கால் தண்ணீர் வந்து வடிந்தது. நீ சாப்பிடுவதாகவும் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறாய். சரி.

ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஷிஜியிடம் பேசி, மெஷினில்தான் கை மாட்டியது என்று மாற்றிச் சொல்லச் சொல்லும்படி எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை அங்கே ஒருவர் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறாய் என்றால், உனக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. அவள் மாஜிஸ்திரேட் முன்னால் போன மாதமே சொல்லிவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த லேத்காரனையும் பிடித்துவிட்டார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். அதை நான் எழுதப் போவதில்லை.

என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஐந்து முறை வரச் சொல்லி, உண்மையிலேயே தெரியாதா என்று ஐந்து விதமாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அபினுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. கேஸ் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் இன்னும் யார்டில்தான் இருக்கிறான்.

உன் அண்ணன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் மாற்றவில்லை என்று தெரிந்த அன்று அழுதேன். ஆனால் இரண்டரை வருஷம் அது அந்தப் பீரோவில் இருந்தது. அதற்கு மூன்றடி தள்ளித்தான் நான் படுத்திருந்தேன். உனக்கு ஜெயில் கூடாது என்று பார்த்தார், ஷிஜிக்கு வீடு போகக் கூடாது என்று பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இப்போது உன்னிடம் எழுதுகிறேன், வேறு யாரிடம் எழுதுவது?

யாருடைய கடிதம் வந்தாலும் அதில் என்ன எழுதவில்லை என்றுதான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். உன்னுடையதிலும் பார்த்தேன். வக்கீலைப் பற்றி இருக்கிறது, ஜாமீனைப் பற்றி இருக்கிறது, கீர்த்தியின் படிப்பைப் பற்றிக்கூட இருக்கிறது. ஷிஜியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி இல்லை. அதை எழுதி அனுப்பினால் அவள் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதைத் தவிர வேறு எதற்கும் எனக்கு எழுத வேண்டாம்.

சுகிர்தம்